பிரெஸ்லாவ் நகரில் போலிஷ் மாணவரின் இலக்கியக் கழகம்

ஒரு மொழிக்கு அரசு இல்லாது போனால் அம்மொழி எங்கே வாழும்? அடுப்பங்கரையில் வாழும், வழிபாட்டில் வாழும், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வாழும். ஆனால் வரலாறும் அறிவியலும் திறனாய்வும் பேசத்தக்க மொழியாக அது வளர வேண்டுமாயின் இவை போதா. சிலர் ஓரிடத்தில் கூடவேண்டும். ஒருவர் எழுதியதைப் பலர் கேட்கவேண்டும். கேட்டவர் குறையும் நிறையும் எடுத்துச் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடிழந்து நின்ற போலந்து மக்களின் பிள்ளைகள், தங்களுக்கு உரியதல்லாத ஒரு பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, ஐம்பதாண்டுக் காலம் இதைச் செய்தார்கள். பிரஷ்ய அரசின் ஆட்சிக்குட்பட்ட பிரெஸ்லாவ் நகரில் 1836ஆம் ஆண்டு தோன்றி 1886ஆம் ஆண்டு கலைக்கப்பட்ட 'இலக்கிய - ஸ்லாவியக் கழகம்' என்னும் மாணவர் அமைப்பின் வரலாறு, இலக்கியத்தின்பொருட்டுக் கூடும் எவரும் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

வாசல் அடைபட்ட காலம்

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் மும்முறை கூறுபோடப்பட்ட போலந்து, ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய அரசுகளின் கைக்குப் போயிற்று. மூன்றாம் பங்கீட்டோடு அந்நாட்டின் பெயர் ஐரோப்பிய வரைபடத்திலிருந்து மறைந்தது. மக்கள் மறையவில்லை, மொழியும் மறையவில்லை. ருஷ்யப் பகுதியில் வில்னோ நகரத்துப் பல்கலைக்கழகமும், 1816இல் நிறுவப்பெற்ற வார்சா பல்கலைக்கழகமும் சில காலம் அறிவொளி தந்தன. 1830 நவம்பரில் வார்சாவில் கிளர்ச்சி வெடித்து அடுத்த ஆண்டில் ஒடுக்கப்பட்டபோது, அதன் தண்டனை கல்விக்கூடங்களின் மேல் விழுந்தது. வார்சா பல்கலைக்கழகம் 1831இலும் வில்னோ பல்கலைக்கழகம் 1832இலும் மூடப்பட்டன. பிரஷ்யாவின் பங்குக்குச் சென்ற போஸ்னான் நாட்டுப்புறத்திலோ பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. 1919ஆம் ஆண்டில்தான் அந்நகருக்கு அப்பேறு வாய்த்தது.

ஆகவே மருத்துவமோ சட்டமோ சமயவியலோ கற்க விரும்பிய போலிஷ் இளைஞன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேற்று மொழியார் நடத்தும் பல்கலைக்கழகத்தை நாட வேண்டியிருந்தது. பெர்லின், பிரெஸ்லாவ், தோர்ப்பாத், பின்னர் சூரிச், பாரிஸ் எனப் பல நகரங்களில் அவன் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினான். சட்டப்படி பார்த்தால் போஸ்னானிலிருந்து பிரெஸ்லாவுக்கு வந்தவன் அயல்நாட்டான் அல்லன். அவனும் பிரஷ்ய மன்னரின் குடிமகனே. ஆனால் விரிவுரை வேற்று மொழி. தெருப்பேச்சு வேற்று மொழி. அலுவலகத்து ஏடும் வேற்று மொழி. சொந்த அரசு இல்லாத மக்களுக்கு உள்நாடு எது, வெளிநாடு எது என்று எல்லைக்கல் நட்டுக் காட்டுவது எளிதன்று.

வில்னோ காட்டிய வழி

பிரெஸ்லாவ் மாணவர்க்கு முன்னோடிகள் இருந்தனர். 1817ஆம் ஆண்டு வில்னோவில் ஆதாம் மித்ஸ்கியேவிச், தோமாஷ் ஸான் முதலிய மாணவர் சிலர் கூடி 'பிலோமாத்தர்', அதாவது அறிவை விரும்புவோர், என்ற பெயரில் ஒரு கழகம் கண்டனர். அவர்களின் நடைமுறை எளியது. உறுப்பினர் ஒருவர் தாம் எழுதிய கவிதையையோ கட்டுரையையோ படிப்பார். மற்றவர் அதைத் திறனாய்வு செய்வர். தோழரின் பெயர்நாள் வரும்போது கூடி உண்டு, அந்நேரத்திலேயே பாட்டுக் கட்டி வாழ்த்துவர். கடுமையான திறனாய்வும் கலகலப்பான விருந்தும் ஒரே நட்பின் இரு பக்கங்களாக இருந்தன. 1823இல் ருஷ்ய அதிகாரிகள் அவர்களைச் சிறைப்பிடித்தனர். 1824இல் மித்ஸ்கியேவிச் ருஷ்யாவின் உட்பகுதிக்கு அனுப்பப்பட்டார். பிறகு அவர் தாய்நிலத்தை மீண்டும் காணவில்லை. அவருடைய பெருங்காப்பியமான 'பான் ததேயுஷ்' 1834இல் பாரிஸில்தான் அச்சேறியது. பிரெஸ்லாவ் கழகம் தொடங்கியபோது அந்நூலுக்கு அகவை இரண்டே. தங்களைப் போல் ஒரு மாணவர் கழகத்தில் வளர்ந்த கவிஞர் தொலைவில் இருந்து எழுதிய புதுநூலைப் படிக்கும் வாய்ப்பு அந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது.

அதே வேளையில் வில்னோவின் முடிவு ஓர் எச்சரிக்கையாகவும் நின்றது. ஜெர்மானிய நாடுகளிலும் 1819ஆம் ஆண்டின் கார்ல்ஸ்பாத் ஆணைகளுக்குப் பின் மாணவர் சங்கங்கள் ஐயத்துக்கு உரியனவாயின. பெர்லினில் 'பொலோனியா' என்ற பெயரில் இயங்கிய போலிஷ் மாணவர் அமைப்பில் சேர்ந்ததற்காகச் சிறை சென்றவர்களுள் கரோல் மார்ச்சின்கோவ்ஸ்கி என்ற மருத்துவ மாணவரும் ஒருவர். இவரைப் பின்னர் மீண்டும் சந்திக்க நேரும். மறைவாகக் கூடினால் சிறை. வெளிப்படையாகக் கூடவோ இசைவு வேண்டும். இசைவு பெற வேண்டுமானால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பிரெஸ்லாவில் அப்படி ஒருவர் கிடைத்தார்.

பொறுப்பேற்ற பேராசிரியர்

அவர் போலந்துக்காரர் அல்லர், செக் இனத்தவர். யான் எவாங்கெலிஸ்டா புர்க்கினியே என்னும் அவர் 1787இல் பொஹீமியாவில் பிறந்தவர். 1823 முதல் பிரெஸ்லாவில் உடலியங்கியல் பேராசிரியர். சிறுமூளையில் உள்ள பெரிய நரம்பணுக்களை 1837இல் விளக்கிக் காட்டியவர் அவரே. இன்றும் மருத்துவ மாணவர் அவ்வணுக்களை அவர் பெயராலேயே அறிவர். அவர் நியமனம் பெற்றபோது மருத்துவப் பிரிவினர் அவரை விரும்பி வரவேற்கவில்லை. ஆய்வுக்கூடம் இல்லாத நிலையில் தம் வீட்டிலேயே ஆய்வு நடத்தினார். 1839இல்தான் உடலியங்கியலுக்கெனத் தனி நிறுவனம் அவருக்கு வாய்த்தது. இதற்கிடையே மனைவியையும் இரண்டு பெண்மக்களையும் நோய்க்குப் பறிகொடுத்து, சிறுவர்களான ஆண்மக்கள் இருவரோடு எஞ்சி நின்றார்.

அறிவியலில் இத்துணை ஆழ்ந்தவர் ஷில்லரின் கவிதைகளைச் செக் மொழியில் பெயர்த்தவருமாவார். ஆய்வுக்கூடத்துக்கும் கவிதைக்கும் இடையே சுவர் எழுப்பாத மனம் அது. ஸ்லாவிய மொழிகள் பேசும் மக்கள் ஒருவர் நூலை ஒருவர் படிக்கவேண்டும், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய கொள்கை. 1836இல் மாணவர்கள் கழகம் காண முன்வந்தபோது, அதன் காப்பாளர் பொறுப்பை அவர் ஏற்றார். 'போலிஷ்' என்ற சொல் கழகத்தின் பெயரில் இல்லை. 'ஸ்லாவிய' என்ற சொல்லே உள்ளது. அரசின் கண்ணை உறுத்தாத பெயர் என்பது ஒரு காரணமாகலாம். காப்பாளரின் உள்ளக் கிடக்கை என்பது மற்றொரு காரணமாகலாம். இரண்டும் ஒரே சொல்லில் பொருந்தியது கழகத்தின் நற்பேறு. அரசியல் பேசுவதற்கு இடமில்லை. இலக்கியமும் மொழியும் வரலாறுமே பொருள் என்பது கழகத்தின் விதி.

நகரம் பற்றி ஒரு சொல்

பிரெஸ்லாவ் போலிஷ் மொழிக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. போலிஷ் மொழியில் முதன்முதலாக அச்சேறிய வரிகள் இந்நகரில்தான் அச்சாயின. 1475இல் காஸ்பர் எல்யான் என்பவர் அச்சிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில், லத்தீன் நூலுக்கு நடுவே, மக்கள் நாள்தோறும் சொல்லும் வேண்டுதல்கள் போலிஷில் இடம்பெற்றன. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் கோர்ன் என்னும் ஜெர்மானியப் பதிப்பகத்தார் இங்கிருந்து போலிஷ் நூல்களை மிகுதியாக வெளியிட்டு வந்தனர். 1811இல் ஒதேர் ஆற்றங்கரை பிராங்க்பர்ட் நகரத்துப் பல்கலைக்கழகமும் பிரெஸ்லாவின் பழைய ஏசுசபைக் கல்விக்கூடமும் இணைந்து புதிய பல்கலைக்கழகமாயின. கத்தோலிக்கம், புராட்டஸ்தாந்தம் என இரு சமயவியல் பிரிவுகளும் அங்கே இருந்தன. எனவே குருவாகப் பயில்வோர், மருத்துவராகப் பயில்வோர், வழக்கறிஞராகப் பயில்வோர் எனப் பலதரப்பட்ட போலிஷ் இளைஞர் அவ்வூருக்கு வந்தனர்.

வாசிப்பு மாலைகள்

கழகத்தின் உயிர் அதன் கூட்டங்களில் இருந்தது. பகல் முழுதும் ஜெர்மன் மொழியில் உடற்கூறும் ரோமானியச் சட்டமும் கேட்டுக் குறிப்பெடுத்த இளைஞன், மாலையில் தோழர் முன்னே நின்று தாய்மொழியில் எழுதிய கட்டுரையைப் படித்தான். பழைய போலிஷ் கவிஞர், நாட்டு வரலாறு, நாட்டுப்பாடல், பிற ஸ்லாவிய மக்களின் இலக்கியம் ஆகியன பொருளாயின. படித்து முடித்ததும் விவாதம் தொடங்கும். கழகத்துக்கென ஒரு நூலகமும் சேர்ந்தது.

இது எத்துணை அரிய பயிற்சி என்பதை இன்று உணர்வது கடினம். அம்மாணவரின் பள்ளிப்படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடந்தது. வீட்டில் பேசிய மொழி போலிஷ்; ஆனால் அம்மொழியில் ஒரு கருத்தை எடுத்து, நிறுவி, மறுப்புக்கு விடை கூறி முடிக்கும் பழக்கத்தைப் பள்ளி தரவில்லை. கலைச்சொல் தேவைப்படும் இடத்தில் ஜெர்மன் சொல்லே நாவில் வந்து நிற்கும். அதை விலக்கித் தாய்மொழிச் சொல்லைத் தேடும்போதுதான் மொழி வளர்கிறது. கேட்போரின் காதைத் தவிர அதற்கு வேறு உரைகல் இல்லை. அரங்கேற்றம் என்று தமிழ்ப் புலவர் எதைச் சொல்வரோ, ஏறத்தாழ அதுவே அச்சிறு கூட்டத்தில் நிகழ்ந்தது.

மாணவ வாழ்வின் ஏனைய தொல்லைகளும் அவர்க்கு இருந்தன. பணம் படைத்த நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைகள் சிலர். குடியானவர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் பலர். முன்னே குறிப்பிட்ட கரோல் மார்ச்சின்கோவ்ஸ்கி, சிறையும் நாடு கடந்த வாழ்வும் கண்டு போஸ்னானுக்குத் திரும்பி, ஏழைகளின் மருத்துவராகப் பெயர் பெற்றார். 1841இல் அவர் 'கல்வி உதவிக் கழகம்' ஒன்றை நிறுவினார். ஊரார் கொடுத்த சிறு சிறு தொகைகளைத் திரட்டி, ஏழைவீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதே அதன் பணி. மாணவர் சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், பின்வந்த தலைமுறையின் மாணவர்க்கு வழிச்செலவு தந்தார் என்பது நினைக்கத்தக்கது.

வாளும் ஏடும்

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் மாணவ வாழ்க்கை அக்காலத்தில் வேறொரு நிறம் கொண்டிருந்தது. வண்ணத் தொப்பியும் தோள்பட்டியும் அணிந்த சங்கங்கள், பீர்க்கிண்ணத்தை முன்வைத்துப் பாடும் இரவுகள், புதியவரைப் பழையவர் ஆட்டிவைக்கும் வழக்கம், மானத்தின்பொருட்டு வாளெடுத்து மோதும் இருவர் போர் ஆகியன அதன் அடையாளங்கள். முகத்தில் வாள்வடு உள்ளவன் பெருமையோடு நடந்தான்.

போலிஷ் மாணவரும் இவ்வழக்கங்களுக்குப் புறம்பானவர் அல்லர். ருஷ்யப் பேரரசில் இருந்தும் ஜெர்மன் மொழியில் இயங்கிய தோர்ப்பாத் பல்கலைக்கழகத்தில், 1828இல் 'கோன்வென்ட் பொலோனியா' என்ற போலிஷ் மாணவர் சங்கம் தோன்றியது. அது ஜெர்மானியச் சங்கங்களின் அமைப்பையே பின்பற்றியது. வில்னோவில் வாசல் அடைபட்டபின் அங்கே சென்றவர்கள் அதில் தோழமை கண்டனர். பின்னாளில் வார்சாவின் பெரும் மருத்துவராகவும், தாத்ரா மலைநாட்டின் சிறப்பை நாட்டுக்கு உணர்த்தியவராகவும் விளங்கிய தித்துஸ் ஹாவுபின்ஸ்கி அங்கே பயின்றவர். உயிரியலறிஞர் பெனெதிக்ட் திபோவ்ஸ்கியும் அங்கே பயின்றவரே. இருவர் போர் ஒன்றில் தொடர்புகொண்டமையால் அவர் தோர்ப்பாத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு பிரெஸ்லாவிலும் பெர்லினிலும் படிப்பைத் தொடர்ந்தார். 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்குகொண்டதற்காகச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, தண்டனைக் காலத்திலேயே பைக்கால் ஏரியின் உயிரினங்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

தோர்ப்பாத்தின் வாளையும் பிரெஸ்லாவின் ஏட்டையும் எதிர்நிறுத்தி ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவமதிப்புக்கு ஆளாகும் சிறுபான்மையினர், அவமதிப்பவரின் ஆயுதத்தையே கையிலேந்தித் தாமும் நிகர் எனக் காட்ட விழைவது இயல்பு. இலக்கிய - ஸ்லாவியக் கழகத்தின் சிறப்பு, வேறொரு வகையில் நிகர்நிலையைத் தேடியதில் உள்ளது. ஜெர்மானிய மாணவனின் வாளுக்கு எதிர்வாள் தூக்குவதைவிட, அவனுடைய ஆய்வுக்கட்டுரைக்கு நிகரான கட்டுரையைத் தம் மொழியில் எழுதிக் காட்டுவது கடினமான போட்டி. அந்தப் போட்டியையே அது தன் தொழிலாகக் கொண்டது.

சிலேசியரும் சோர்பியரும்

கழகத்தில் கூடியவரெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர். போஸ்னானிலிருந்து வந்தவன் தன்னைப் போலந்துக்காரன் என்று ஐயமின்றி உணர்ந்தான். மேல் சிலேசியாவிலிருந்து வந்தவன் நிலை வேறு. அந்நிலம் பதினான்காம் நூற்றாண்டிலேயே போலந்து அரசிலிருந்து பிரிந்துவிட்டது. வீட்டில் அவன் பேசியது போலிஷின் ஒரு வட்டார வழக்கு. அதை ஜெர்மானியர் 'தண்ணீர்ப் போலிஷ்' என்று எள்ளினர். தன் தாயின் பேச்சு ஒரு மொழியே அன்று என்று கேட்டு வளர்ந்தவன், அதே பேச்சின் சொற்கள் பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞரின் ஏட்டில் பெருமையோடு வீற்றிருப்பதைக் கழகத்தில் காணலாயினான். அவன் உள்ளத்தில் நிகழ்ந்திருக்கக்கூடிய மாற்றத்தை எந்தக் கூட்டக் குறிப்பும் முழுமையாகப் பதியாது.

லுசாத்திய நிலத்துச் சோர்பியர் ஜெர்மானிய நாட்டின் நடுவே வாழும் மிகச் சிறிய ஸ்லாவிய இனத்தார். அவர்களுள் ஒருவரான யான் ஆர்னொஷ்ட் ஸ்மோலெர் சமயவியல் பயில 1836இல் பிரெஸ்லாவுக்கு வந்தார். புர்க்கினியேயின் ஊக்கத்தைப் பெற்றார். 1838இல் தம் இனத்தின் வரலாற்றுக்கும் மொழிக்குமென ஒரு மாணவர் சங்கத்தை அங்கேயே அமைத்தார். அவரும் லெயோபோல்ட் ஹௌப்ட் என்பவரும் தொகுத்த சோர்பிய நாட்டுப்பாடல்கள் 1841லும் 1843லும் இரு பாகங்களாக வெளிவந்தன. அச்சிறு மக்களின் மறுமலர்ச்சிக்கு அத்தொகுப்பு அடித்தளம் ஆயிற்று. போஸ்னான் பகுதிக் கவிஞரான ரிஷார்ட் பெர்வின்ஸ்கியும் பிரெஸ்லாவில் பயின்றவரே; தம் நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பை 1840இல் அந்நகரிலேயே வெளியிட்டார். பாட்டி சொன்ன கதையும் வயலில் கேட்ட பாட்டும் ஆராயத்தக்க இலக்கியம் என்ற எண்ணம் அக்கால மாணவரிடையே எவ்வாறு வேரூன்றியது என்பதற்கு இவ்விரு நூல்களும் சான்று.

1841இல் பிரஷ்ய அரசு பெர்லினிலும் பிரெஸ்லாவிலும் ஸ்லாவிய மொழிகளுக்குப் பேராசிரியர் இருக்கைகளை ஏற்படுத்தியது. பிரெஸ்லாவ் இருக்கைக்கு 1842இல் வந்தவர் செக் கவிஞர் பிரான்டிஷெக் லதிஸ்லாவ் செலக்கோவ்ஸ்கி. இவருக்கும் போலந்துக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. 1835இல் பிராகு நகரில் இதழாசிரியராக இருந்தபோது, போலந்து மக்களை அச்சுறுத்திப் பேசிய ருஷ்யப் பேரரசரைக் கடிந்து எழுதினார். அதனால் இதழையும் ஆசிரியப் பணியையும் இழந்தார். போலந்தின்பொருட்டு வேலையிழந்த கவிஞருக்குப் போலிஷ் மாணவர் பயிலும் நகரில் வேலை கிடைத்தது. ஸ்லாவிய மக்களின் பழமொழிகளைத் திரட்டி ஒப்புநோக்கிய அவருடைய பெருந்தொகுப்பு, அவர் பிராகுக்குத் திரும்பியபின் 1852இல் வெளிவந்தது.

கழகத்தில் இல்லாதவர்கள்

ஒரு கூட்டத்தை மதிப்பிடுகையில் அங்கே இருந்தவரை மட்டுமன்றி இல்லாதவரையும் நோக்கவேண்டும். ஐம்பதாண்டுகளில் ஒரு பெண்கூடக் கழகத்தில் மாணவியாக அமர்ந்து கட்டுரை படித்ததில்லை. காரணம் கழகத்தின் விதி மட்டுமன்று; பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் 1908ஆம் ஆண்டில்தான் பெண்களை முழு மாணவராகச் சேர்த்துக்கொண்டன. 1860களிலேயே பெண்களுக்கு வாயில் திறந்த சூரிச் பல்கலைக்கழகத்துக்குப் பின்னாளில் போலிஷ் பெண்கள் சென்றனர். தாலாட்டிலும் கதையிலும் மொழியைக் காத்துத் தந்தவர் பெண்கள். அவற்றைத் தொகுத்துத் திறனாய்ந்த அவையில் அவர்க்கு இடமில்லை. இக்குறை அக்காலத்தின் குறை எனினும், குறை குறையே.

புயல் வந்த ஆண்டுகள்

அரசியல் பேசலாகாது என்ற விதி ஏட்டில் இருந்தது. ஆனால் 1848இல் ஐரோப்பா முழுதும் புரட்சிக் காற்று வீசியபோதும், 1863 ஜனவரியில் ருஷ்யப் பகுதியில் மீண்டும் கிளர்ச்சி எழுந்தபோதும், அவ்விதி மாணவரின் உள்ளத்தைக் கட்டவில்லை. 1863இல் மாணவர் சிலர் புத்தகத்தை மூடிவைத்து எல்லை கடந்தனர். 1859இல் பிரெஸ்லாவில் மருத்துவம் பயின்ற ஆதாம் அஸ்னிக் அக்கிளர்ச்சியின் தலைமைக் குழுவில் இடம்பெற்று, தோல்விக்குப் பின் நாடு கடந்து, போலிஷ் கவிதையில் தம் தலைமுறையின் குரலானார். கிளர்ச்சி வீழ்ந்தது. எஞ்சியவர் மீண்டும் ஏட்டைத் திறந்தனர்.

புர்க்கினியே 1850இல் பிராகுக்குச் சென்றபின், பொறுப்பு பிறர் கைக்கு வந்தது. 1860 முதல் 1867இல் மறையும் வரை ஸ்லாவிய இருக்கையில் அமர்ந்த வோய்சியெக் சிபுல்ஸ்கியும், 1868இல் அவ்விருக்கைக்கு வந்த விளாதிஸ்லாவ் நேரிங்கும் போலந்துக்காரர்கள். நேரிங் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பயின்றவர். பழைய போலிஷ் மொழியின் அரிய ஏடுகளுள் ஒன்றான புளோரியன் சங்கீத நூலை 1883இல் பதிப்பித்தவர். ஒரு காலத்தில் மாணவராக அமர்ந்த நகரிலேயே பேராசிரியராகி, அடுத்த தலைமுறைக்கு அவர் வழிகாட்டினார்.

ஐம்பதாம் ஆண்டு

1871இல் ஜெர்மானியப் பேரரசு உருவானபின் காற்று மாறியது. 1873இல் போஸ்னான் பகுதிப் பள்ளிகளில் ஜெர்மன் பயிற்றுமொழியாக்கப்பட்டது. 1876இல் அரசு அலுவலகங்களுக்கு ஜெர்மன் ஒன்றே மொழி எனச் சட்டம் வந்தது. 1885இல், பிரஷ்யக் குடியுரிமை இல்லாத போலந்துக்காரரும் யூதரும் பல்லாயிரவராக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1886இல், போலந்துக்காரரின் நிலங்களை வாங்கி ஜெர்மானியரைக் குடியேற்றுவதற்காக 10 கோடி மார்க் ஒதுக்கி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில், தொடங்கி ஐம்பதாண்டு நிறைந்த இலக்கிய - ஸ்லாவியக் கழகமும் அரசால் கலைக்கப்பட்டது. கொண்டாட வேண்டிய ஆண்டே இறுதி ஆண்டாயிற்று.

நிலத்தையும் பள்ளியையும் குறிவைத்த பேரரசு, கட்டுரை படிக்கும் மாணவரைக் கண்டு ஏன் கலங்கவேண்டும்? ஒரு வகையில் அக்கழகத்துக்குக் கிடைத்த மிக உயர்ந்த மதிப்புரை அந்தத் தடையாணையே. போலிஷ் மொழி குடியானவரின் பேச்சாக மட்டும் இருந்திருந்தால் அரசு காத்திருக்கும். அது தானே தேயும் என்று நம்பும். படித்த இளைஞர் கூடி அதில் சிந்திக்கிறார்கள் என்பதே அரசுக்குப் பொறுக்கவில்லை.

கழகத்தின் கடைசி ஆண்டுகளில் அதில் இருந்தவர்களுள் யான் காஸ்ப்ரோவிச் ஒருவர். 1860இல் இனோவ்ரோத்ஸ்வாஃப் அருகே ஒரு சிற்றூரில், எழுத்தறியாத குடியானவரின் மகனாகப் பிறந்தவர். பல பள்ளிகள் மாறிப் படிப்பை முடித்தவர். சமவுடைமை இயக்கத் தொடர்புக்காக 1887இல் பிரெஸ்லாவில் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் 1888இல் லுவோவ் நகருக்குச் சென்று, இதழாசிரியராய், கவிஞராய், 1909 முதல் ஒப்பிலக்கியப் பேராசிரியராய் விளங்கினார். கிரேக்கமும் ஆங்கிலமும் ஜெர்மனும் அவர் கையால் போலிஷில் வந்து சேர்ந்தன. தாகூரின் கீதாஞ்சலியையும் அவர் பெயர்த்தார். ஒப்பிலக்கியத்தை ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து கற்பித்தவர், ஸ்லாவிய இலக்கியங்களை அருகருகே வைத்துப் பேசிய ஓர் அவையில் இளமையில் அமர்ந்திருந்தார் என்பது பொருளற்ற செய்தி அன்று.

பின்னர் நிகழ்ந்தது

1918இல் போலந்து மீண்டும் நாடாயிற்று. பிரெஸ்லாவ் ஜெர்மனியிலேயே நின்றது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் எல்லைகள் பெயர்ந்தன. 1945இல் பிரெஸ்லாவ் போலந்துக்கு வந்து 'வ்ரோத்ஸ்வாஃப்' ஆயிற்று. காஸ்ப்ரோவிச் கற்பித்த லுவோவ் சோவியத் நாட்டுக்குப் போயிற்று. இன்று அது உக்ரைனில் உள்ளது. லுவோவின் போலிஷ் பேராசிரியர் பலர் ஊரிழந்து வ்ரோத்ஸ்வாஃபுக்கு வந்தனர். இடிபாடுகளுக்கிடையே 1945 நவம்பர் 15ஆம் நாள் போலிஷ் மொழியில் விரிவுரைகள் தொடங்கின. ஒரு காலத்தில் மாலைவேளையில் இசைவு பெற்றுப் பேசப்பட்ட மொழி, பகலின் மொழியாயிற்று.

இதை வெற்றிக் கதையாக மட்டும் முடித்தல் நேர்மையாகாது. அந்நகரில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஜெர்மானிய மக்கள் போருக்குப்பின் வெளியேற்றப்பட்டனர். கழகத்து மாணவர்க்கு அறை வாடகைக்குத் தந்தவரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருக்கலாம். ஒரு மொழி தன் வீட்டைப் பெற்றபோது மற்றொரு மொழி தன் வீட்டை இழந்தது.

இன்று வ்ரோத்ஸ்வாஃப் நகரில் புர்க்கினியே பெயரால் ஒரு தெரு உண்டு. லுவோவிலிருந்து கொண்டுவரப்பட்ட, ரத்ஸ்வாவித்சே போர்க்காட்சியைச் சுற்றுச்சுவராக வரைந்த பேரோவியம் அத்தெருவில்தான் 1985 முதல் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. காஸ்ப்ரோவிச்சின் பெயரால் ஒரு நிழற்சாலையும் உண்டு. ஆனால் கழகத்தில் கட்டுரை படித்த பெரும்பாலோரின் பெயர் எந்தத் தெருவுக்கும் இல்லை. அவர்கள் சிற்றூர்களின் குருமாராக, மருத்துவராக, வழக்கறிஞராகத் திரும்பிச் சென்று, அங்கே பிள்ளைகளுக்குத் தாய்மொழி நூலைக் கையில் கொடுத்தவர்கள். ஐம்பது பேர் கேட்டாலும் ஐந்து பேர் கேட்டாலும், எழுதியதைப் படித்துக்காட்டி, குறை கேட்டு, திருத்தி எழுதிய அம்மாலைகளின் பயன் அவர்கள் வழியே ஊர்களைச் சென்று சேர்ந்தது. ஓர் இலக்கியக் கழகத்தின் ஆயுளை ஆண்டுகளால் மட்டும் எண்ணுதல் போதாது. கலைந்து சென்றவர் எதைக் கொண்டுசென்றனர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.